வீடியோ சுருக்கவும் ஒரு கைக்கணக்கு!



வருகிற சம்பளத்தைப் பால், மளிகை, ஸ்கூல் ஃபீஸ் என்று பங்கு போட்டுக் குடித்தனம் நடத்துகிற நமக்கு, வீடியோவைச் சுருக்குகிற கணக்கு ஒன்றும் மலையில்லை. "ஐயோ, கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வீட்டிலிருந்தே தையல், கேக், ஊறுகாய் என்று நாலு காசு பார்க்கிற பெண்களுக்கு இன்று கடை என்பதே அந்தச் சின்ன வீடியோதானே!

எங்கள் தெருவில் ஒரு பெண் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து தருகிறாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை நுணுக்கம்! கண்காட்சி ஒன்றில் இடம் கேட்டபோது, வேலையை வீடியோ எடுத்து 15 எம்.பி.க்குள் அனுப்பச் சொன்னார்கள். செல்போனில் 1080 அளவில் எடுத்தால் பல போன்களில் ஒரு நிமிடமே 100 எம்.பி.யைத் தாண்டிவிடும். கையில் கிடைத்த ஆப்பில் போட்டுச் சுருக்கினாள். மணியும் ஜரிகையும் ஒரே மஞ்சள் திட்டாகிவிட்டது. ராத்திரி கண் விழித்துப் போட்ட தையல் ஒன்றுகூடத் தெரியவில்லை. பார்க்கிறவர்கள் வேலையைத்தானே குறை சொல்வார்கள்?

இங்கேதான் 'பிட்ரேட்' வருகிறது. ஒரு வினாடி வீடியோவுக்கு எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்பதுதான் அது. இருப்பது ஒரு லிட்டர் பால். டம்ளர் கூடக் கூட காபி தண்ணியாகத்தான் இருக்கும். அதுபோல, எம்.பி. மாறாமல் நேரம் மட்டும் நீண்டால் படம் மங்கத்தான் செய்யும்.

கணக்கு இதுதான். ஒரு பைட்டுக்கு 8 பிட். 15 எம்.பி.யை 8-ஆல் பெருக்கினால் 120 மெகாபிட், அதாவது 1,20,000 கிலோபிட். வீடியோ 90 வினாடி என்றால், வகுத்தால் வினாடிக்கு 1,333 கிலோபிட். அட, இவ்வளவுதானா என்கிறீர்களா? இவ்வளவேதான்!

இதையே போட்டுத் தருவதற்கு 'பிட்ரேட் கால்குலேட்டர்' என்று இலவசமாகப் பல கிடைக்கின்றன. எதை எடுப்பது? சில விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலில், மேலே சொன்ன 90 வினாடி, 15 எம்.பி. என்று கொடுத்து, ஒலிக்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். 1,333 வந்தால் அது 1,000 கணக்கு. 1,398 வந்தால் 1,024 கணக்கு. இரண்டும் தப்பில்லை. ஆனால் எதிராளி எந்தக் கணக்கில் அளப்பார் என்று தெரியாதபோது, குறைவாக வருவதை எடுத்துக்கொள்வதே பத்திரம். விடை 166 என்று வந்தால், அது கிலோபைட்டில் சொல்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே போட்டுவிட்டால் படம் பாழ்!

அடுத்து, ஒலிக்குத் தனிக் கட்டம் இருக்க வேண்டும். பேச்சு மட்டும் என்றால் 96 கிலோபிட் தாராளம். கோப்பின் மேலுறைக்கும் கொஞ்சம் இடம் போகும். அதற்காக 5 சதவிகிதம் ஒதுக்கினால், நம் உதாரணத்தில் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 1,170. அந்த நாளில் கல்யாண வீடியோ போட்டுப் பார்த்த வி.சி.டி.யில் படத்துக்கு 1,150 கிலோபிட்தான். இன்றைய சுருக்கும் முறைகள் அதைவிடக் கெட்டி. அதனால் 480 அளவுக்குக் குறைத்தால் படம் தெளிவாகவே இருக்கும்.

முக்கியமான ஒன்று. கணக்குப் போட நேரமும் எம்.பி.யும் போதும். வீடியோவையே ஏற்றச் சொன்னாலோ, போன் நம்பர், ஓ.டி.பி. கேட்டாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கிற படத்தை முகம் தெரியாதவர்களிடம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

கிடைத்த எண்ணை 'ஹேண்ட்பிரேக்' போன்ற இலவச மென்பொருளில் சராசரி பிட்ரேட் கட்டத்தில் போடலாம். இது நம் கம்ப்யூட்டரிலேயே வேலை செய்வதால் படம் வெளியே போகாது. வீடியோவை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அலசிப் பார்க்கும் வசதியையும் சேர்த்துக்கொண்டால், அசைவு அதிகமுள்ள இடத்துக்கு அதிகம், அசையாத இடத்துக்குக் குறைவு என்று அதுவே பங்கிட்டுக்கொள்ளும்.

ஆனால் எந்தக் கால்குலேட்டரும் சொல்லாத ஒன்று உண்டு. வெட்டுவதுதான் முதல் வைத்தியம்! அந்தப் பெண்ணிடம் தொடக்கத்தில் மேஜையைக் காட்டுவது, நடுவில் ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். 90 வினாடி 45 ஆனது. படத்துக்குக் கிடைத்தது சுமார் 2,430 கிலோபிட். 720 அளவிலேயே ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. போனை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தால் இன்னும் நல்லது. கை ஆடினால், படம் முழுக்க அசைவதாக நினைத்து பிட்டை வீணாக்கும்.

அசல் வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள். சுருக்கினதைத் திரும்ப விரிக்க முடியாது. அது அரைத்த மாவு மாதிரி!

பிள்ளை வரட்டும், தம்பி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தோழியரே. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமும் ஒரு பென்சிலும் போதும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.