முகம் காணா வியாபாரம்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் கூறுகிறவர், எதிரே நிற்கும் வியாபாரியின் கண்ணசைவைக் கொண்டே விலையை ஏற்றவும் நிறுத்தவும் பழகியவர். டோல்கேட்டில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் கடை விரித்திருப்பவரும், கையில் எடுத்த பாத்திரத்தை அம்மாள் ஒருத்தி கீழே வைக்கும் விதத்திலிருந்தே அவள் மனத்தை அறிந்து, "பத்து ரூபா குறைச்சிக்கிறேன், எடுத்துக்கம்மா" என்று சொல்ல வேண்டிய க்ஷணத்தைத் தவறவிடாதவர். வாங்குகிறவருடைய முகம் எதிரே இருப்பதுதான் இவ்விருவருக்கும் உள்ள அனுகூலம். அந்த முகத்தை எடுத்துவிட்டு, காமிராவின் கண்ணாடி வில்லை ஒன்றை மட்டும் எதிரே நிறுத்தி, "இப்போது விற்றுக் காட்டு" என்று சொல்வதுதான் தொலைக்காட்சி விற்பனை.

இவ்வியாபாரத்தின் பிறப்பு விநோதமானது. 1977-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் ஒரு சிறு வானொலி நிலையத்துக்கு விளம்பரக் கட்டணம் தர இயலாத ஒருவர், அதற்கு ஈடாக 112 டப்பா திறப்பான்களைக் கொடுத்தார். பாப் சர்கோஸ்டா என்ற அறிவிப்பாளர் அவற்றை ஒவ்வொன்றும் 9 டாலர் 95 சென்ட் என்று ஒலிபரப்பிலேயே கூவி விற்றுத் தீர்த்தார். அதிலிருந்து 1982-இல் கேபிள் தொலைக்காட்சிக் கடையும், 1986-இல் க்யூ.வி.சி. என்ற பெரும் போட்டி நிறுவனமும் தோன்றின. நம் தேசத்தில் பின்னிரவு விளம்பரங்களாகத் தொடங்கிய இந்த வழக்கம், 2008-இல் ஹோம்ஷாப்18 வந்தபின் இருபத்துநான்கு மணி நேரக் கடையாயிற்று. நாப்டால் போன்றவை தமிழிலும் பேசின.

இக்கடைகளில் நிலையான தொகுப்பாளரின் பக்கத்தில், பொருளைச் செய்தவரோ அதை நன்கறிந்தவரோ விருந்தினராக வந்து நிற்பதுண்டு. அவருடைய வருகை எவ்வளவு செய்யும் என்பதற்கு ஜாய் மங்கானோவின் விருத்தாந்தமே பிரசித்தமான சாட்சி. கை நனையாமல் தானே முறுக்கிப் பிழிந்துகொள்ளும் தரைத் துடைப்பானைக் கண்டுபிடித்த இப்பெண்மணியின் பொருளை, க்யூ.வி.சி. தன் சொந்த ஆட்களைக் கொண்டு விற்றபோது வியாபாரம் மந்தமாகவே இருந்தது; 1992-இல் அவரே காமிரா முன் நின்று துடைத்துக் காட்டியதும், அரை மணி நேரத்துக்குள் 18,000 துடைப்பான்கள் விற்றன. வேறொருவர் கற்றுச் சொன்ன வார்த்தைக்கும், அனுபவித்துச் சொன்ன வார்த்தைக்கும் உள்ள பேதத்தை, முகம் காணாத ஜனங்களும் உணர்ந்துகொள்கிறார்கள்.

ஆயினும் மேடை ஏறுவதற்கு முன் நெடிய ஆயத்தம் உண்டு. மாதிரியை அனுப்பித் தரப் பரிசோதனையில் தேற வேண்டும். கேட்ட அளவுச் சரக்கை முன்கூட்டியே கிடங்கில் சேர்க்க வேண்டும். விற்காதது திரும்பி வரும் என்ற நிபந்தனை இருந்தால் அந்த முடக்கம் முழுவதும் செய்தவர் தலையில் விழும். பணத்தைப் பொருள் வந்தபின் கொடுக்கும் முறையில், வாசல்வரை போன பொட்டலம் மறுக்கப்பட்டுத் திரும்புவதும் சகஜம். நேரலையில், காதில் பொருத்திய சிறு கருவியில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டேயிருக்க, கிடைத்த சில நிமிஷங்களில் கையால் செய்து காட்டியும் வாயால் விளக்கியும் முடிக்க வேண்டும். நிமிஷத்துக்கு எவ்வளவு விற்றது என்ற கணக்கைப் பார்த்தே மறுபடி அழைப்பதும் அழைக்காததும் நிச்சயிக்கப்படும்.

டோல்கேட், தண்டையார்ப்பேட்டை, எண்ணூர் வட்டாரத்தில் மசாலாப் பொடி இடிக்கும் மகளிர் குழுவினரோ, தையற்கூடம் வைத்திருப்பவரோ இத்தகைய வாய்ப்பை நாடினால், சாமர்த்தியமான பேச்சுக்கு முன் காகிதங்களைச் சரிபார்ப்பது நலம். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும்; பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர எடையும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும். "இந்தப் பொடி சர்க்கரை நோயைத் தீர்க்கும்" என்று வாய்தவறியும் சொல்லலாகாது. அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. பொய்யான விளம்பரத்துக்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தெருவில் சொன்ன மிகைமொழி காற்றோடு போய்விடும். ஒளிபரப்பில் சொன்னதோ பதிவாக நின்று, பின்னொரு நாள் எதிர்சாட்சியாகவும் வரும்.

ஆகையால், முதன்முதலாகக் காமிரா முன் நிற்கப் போகிறவர்கள் அழகிய வசனங்களை மனனம் செய்வதில் பொழுதைச் செலவிட வேண்டாம். தம் பொருள் எதற்குப் பிரயோஜனப்படும், எதற்குப் படாது என்ற இரண்டையும் தீர அறிந்து, அதை நாலு பேர் முன்னிலையில் செய்து காட்டிக் கை பழகட்டும். விற்காமல் திரும்பினாலும் தாங்கக்கூடிய அளவுச் சரக்கை மட்டுமே முதல் முறை அனுப்பட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், திரும்பி வரும் சரக்கின் செலவு யாருடையது என்ற ஒரு வரியை இருமுறை வாசித்துவிடுவது எல்லாவற்றிலும் முக்கியம்.