உயரம் மட்டும் போதுமா? – கூடைப்பந்தில் ‘விங்’ தேர்வு



ஒவ்வொரு வருஷமும் இன்டர் பாலிடெக்னிக் போட்டிக்கு டீம் எடுக்கும்போது ஒரு சண்டை வரும். "அவனை விட்டுட்டு இவனை ஏன்டா எடுத்தாங்க?" சென்டர் இடத்துக்குச் சண்டை வராது. இருப்பதிலேயே நெட்டையானவனைப் பிடித்து ரிங் அடியில் நிறுத்திவிடுவார்கள். பந்தைக் கொண்டுபோகும் பாயின்ட் கார்டு யார் என்பதும் முதல் நாளே தெரிந்துவிடும். தகராறெல்லாம் ‘விங்’ இடத்துக்குத்தான்.

விங் என்றால் கோர்ட்டின் இரு ஓரங்களிலும் ஆடுகிறவன். தூரத்திலிருந்து எறிய வேண்டும், வெட்டி உள்ளே நுழைய வேண்டும், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனைத் தடுக்கவும் வேண்டும். எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டிய இடம். அதனால்தான் இரண்டு இளம் விங் ஆட்டக்காரர்களை ஒப்பிட்டு, எவன் முன்னுக்கு வருவான் என்று சொல்வது கஷ்டம். கோடிக்கணக்கில் பணம் போடுகிற அமெரிக்காக்காரனுக்கே அது கஷ்டம்தான்!

இரண்டு பையன்கள், ஒரே வருஷம்

2017-ம் ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் 3-வதாக ஜேசன் டேட்டம், 4-வதாக ஜோஷ் ஜாக்சன். இருவரும் விங். இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம். ஒருவர் டியூக், மற்றவர் கான்சாஸ் பல்கலைக்கழகம். அந்த ஒரு வருஷத்தில் டேட்டம் ஆட்டத்துக்கு சராசரி 16.8 புள்ளி, ஜாக்சன் 16.3. ரீபவுண்டில் 7.3-க்கு 7.4. துள்ளல், வேகம், தடுப்பாட்டம் என்று பார்த்தவர்களில் பலருக்கு ஜாக்சன்தான் மேல். மூன்று புள்ளி எறிதலிலும் ஜாக்சன் 37.8 சதவீதம், டேட்டம் 34.2 சதவீதம்தான்.

அப்படியானால் ஜாக்சன்தானே தேற வேண்டும்? நடந்தது வேறு. டேட்டம் பாஸ்டன் அணியின் தூணாகி 2024-ல் சாம்பியன் பட்டமும் வாங்கினார். ஜாக்சன் நான்கு அணிகள் மாறி, 2022-க்குப் பிறகு என்.பி.ஏ. ஆட்டம் எதிலும் இல்லை.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஏதாவது அடையாளம் இருந்ததா? ஒன்று இருந்தது. ஃப்ரீ த்ரோ! டேட்டம் 84.9 சதவீதம், ஜாக்சன் 56.6 சதவீதம்.

ஃப்ரீ த்ரோ சொல்லும் சேதி

ஃப்ரீ த்ரோ என்பது 4.6 மீட்டர் தூரத்திலிருந்து, தடுக்க ஆளில்லாமல், நின்று எறிவது. எலெக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: இது மோட்டாருக்கு ‘நோ லோடு டெஸ்ட்’ மாதிரி. வெளியிலிருந்து எந்தச் சுமையும் இல்லாதபோது, மெஷினுக்குள்ளேயே இருக்கிற குறை தெரிந்துவிடும். எறிகிற கையின் குறையை ஃப்ரீ த்ரோ அப்படிக் காட்டிவிடுகிறது.

மூன்று புள்ளி எறிதலில் அப்படியில்லை. காலியாக நின்றானா, எதிரே ஆள் இருந்தானா, அன்றைக்கு அதிர்ஷ்டமா என்று பல விஷயம் கலந்திருக்கும். எண்ணிக்கையும் குறைவு. ஜாக்சன் அந்த சீசனில் எறிந்த மூன்று புள்ளி முயற்சிகள் மொத்தமே 90. அதில் நாலைந்து பந்து ரிங்கில் பட்டு வெளியே போயிருந்தால் டேட்டத்தைவிடக் கீழே வந்திருப்பார். குறைவான ரீடிங்கை வைத்து கிராஃப் போட்டால் லேபில் சார் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியாதா?

இன்னொரு உதாரணம் கவாய் லெனார்ட். 2011-ல் 15-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். கல்லூரியில் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஃப்ரீ த்ரோ 75 சதவீதத்தை ஒட்டி இருந்தது, கைகள் மிக நீளம், தடுப்பாட்டத்தில் புலி. சான் அன்டோனியோ அணி எறிதலுக்கென்றே ஒரு கோச்சை வைத்து அவர் கையைத் திருத்தியது. 2014-லும் 2019-லும் இறுதிப் போட்டிகளின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

ஆக, எறியும் கை பயிற்சியால் வருவது. உயரம் பிறப்பால் வருவது. விங் ஆட்டக்காரனை யாராவது உட்கார்ந்து உருவாக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டைப் பாருங்கள். 2015-ல் டல்லாஸ் அணி 52-வதாக எடுத்த பஞ்சாபின் சத்னம் சிங், என்.பி.ஏ. தேர்வில் பெயர் வந்த முதல் இந்தியர். உயரம் 7 அடி 2 அங்குலம். ஆனால் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. 2016-ல் பல்ப்ரீத் சிங், 2017-ல் அம்ஜ்யோத் சிங் ஆகியோரை என்.பி.ஏ.வின் துணை லீக் அணிகள் எடுத்தன. அம்ரித்பால் சிங் 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். பிரின்ஸ்பால் சிங் 2020-ல் அமெரிக்காவின் ‘இக்னைட்’ அணியில் சேர்ந்தார்.

எல்லோருமே ஆறரை அடிக்கு மேல்! உயரத்தைப் பார்த்து வெளிநாட்டுக்காரன் கூப்பிட்டான். நம்மில் விங் மாதிரி ஆடி வெளிநாட்டு ஒப்பந்தம் வரை போனவர் என்று எனக்குத் தெரிந்து குறிப்பிட்டுச் சொல்லத்தக்கவர் வாரணாசியின் விசேஷ் பிருகுவன்ஷி. 2017-ல் அடிலெய்ட் 36யர்ஸ் அணி அவரோடு ஒப்பந்தம் செய்தது. 2020-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றவர்.

பிரின்ஸ்பால் போன அதே இக்னைட் அணியில் ஜேலன் கிரீன், ஜொனாதன் குமிங்கா என்று இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் 2021 தேர்வில் 2-வதாகவும் 7-வதாகவும் போனார்கள். இருவரும் ஓரத்திலிருந்து ஆடுகிறவர்கள், பிரின்ஸ்பாலைவிடக் குள்ளம். ஒரே கோச், ஒரே சாப்பாடு. வித்தியாசம் எங்கே? அங்கே வருவதற்கு முன்னால் ஆடிய ஆட்டங்களில். சின்ன வயதிலிருந்தே நல்ல எதிராளியோடு வருஷம் முழுக்க மோதி வந்தவர்கள் அவர்கள். நம் பையனுக்கு உயரம் கிடைத்தது, அந்த ஆட்டங்கள் கிடைக்கவில்லை.

நம்ம கிரவுண்டில்

சில வருஷம் முன்னால் நான் பார்த்த இரண்டு பேரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒருவன் ஓடிவந்து குதித்தால் ரிங்கைத் தொடுவான், கிரவுண்டே கைதட்டும். ஆனால் 20 ஃப்ரீ த்ரோவில் 9 விழுந்தால் அதிகம். இன்னொருவன் சத்தமில்லாத பையன். 20-க்கு 15 போடுவான், அவனைத் தாண்டி எவனும் சுலபத்தில் போக முடியாது. டீமில் குதிக்கிறவனை எடுத்தார்கள். சத்தமில்லாதவன் அதற்கப்புறம் கிரவுண்ட் பக்கமே வரவில்லை. சரி, எடுத்தவனாவது தேறினானா? கைதட்டு இருந்ததால் எறியும் கையைத் திருத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருஷம் எதிரணிக்காரன் அவனை எட்ட நின்றே மடக்கிவிட்டான். தப்பாக ஒப்பிட்டதில் போனது இரண்டு ஆட்டக்காரர்கள்!

அதனால் செலக்‌ஷனுக்கு என் யோசனை இது:

1. ஒரே நாளில் 20 எறியச் சொல்லி முடிவு கட்டாதீர்கள். 70 சதவீதக்காரன் ஒரு நாள் 12 போடுவான், மறுநாள் 16 போடுவான். தினம் 50 வீதம் பத்து நாள், மொத்தம் 500 எறிதல் நோட்டில் எழுதுங்கள். அப்போது வரும் சராசரியை நம்பலாம்.

2. அவன் போட்ட புள்ளியோடு, அவன் தடுத்த ஆள் எத்தனை முறை அவனைத் தாண்டிப் போனான் என்பதையும் எண்ணுங்கள்.

3. மூன்று பேர் தாக்க, இரண்டு பேர் தடுக்க ஆட விடுங்கள். காலியாக நிற்கிறவனுக்குப் பந்து கொடுக்கிறானா, தானே மோதித் தொலைக்கிறானா?

4. உயரத்தை மட்டும் அளக்காமல், கையைத் தூக்கி நிற்கச் சொல்லி அளந்து பாருங்கள். ரிங் 3.05 மீட்டரில் இருக்கிறது. தலையா பந்தைத் தடுக்கப் போகிறது?

ஆட்டம் சோறு போடுமா?

வீட்டில் கேட்கிற கேள்வி இதுதான். என்.பி.ஏ.வில் 30 அணி, அணிக்கு 15 பேர் என்றால் சுமார் 450 இடம், உலகத்துக்கே. அந்தக் கனவை நம்பி அரியர் வைக்காதீர்கள்! ஆனால் நம் பக்கத்தில் ‘புரொஃபஷனல்’ என்பதற்கு வேறு அர்த்தமும் உண்டு. ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் மாதிரி இடங்களில் கூடைப்பந்து ஆடியே வேலை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசு வேலையிலும் சாதனை வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே ஊழியர்தான். டிப்ளமோவும் ஆட்ட சர்டிஃபிகேட்டும் கையில் இருப்பவனுக்கு இரண்டு கதவு திறந்திருக்கும்.

அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு மூச்சு பிடித்து ஓட 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது, பௌர்ணமி அன்று மட்டும் லீவு. காலும் மூச்சும் அங்கே தேறிவிடும். எறியும் கை மட்டும் கிரவுண்டுக்கு வந்தால்தான் தேறும். வரப்போகும் ஜூனியர் தம்பிகளே, முதல் நாள் செலக்‌ஷனில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் ஷூவைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். நோட்டை எடுங்கள், 500 எறிந்து எழுதுங்கள். அடுத்த செலக்‌ஷனுக்கு அந்த நோட்டோடு வாருங்கள்!