கடலோரக் குழுவில் மூன்று இடம்

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது சடையங்குப்பம். கடல் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் ஓதம் ஏறும்போது எண்ணூர் முகத்துவாரம் வழியாகப் புகும் உப்புநீர் கொசஸ்தலை ஆற்றிலும் கால்வாயிலும் உள்ளே வந்துவிடும். சட்டத்தின் கணக்கில் இந்த நீரும் கடலோரம்தான். கடும் கோடையில் ஆற்றுநீரை அளக்கும்போது ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எந்த இடம்வரை இருக்கிறதோ, அதுவரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம்.

இந்த மண்டலத்தைக் காக்கும் பொறுப்பு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துடையது. அதற்குத் துணையாக மாவட்டந்தோறும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையும், அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையும் சொல்கின்றன. மாவட்ட ஆட்சியர் தலைவர். மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். தமிழகத்தில் கடலோரத் திட்டங்களுக்கான விண்ணப்பங்கள் முதலில் இந்த மாவட்டக் குழுவிடம் போய், அதன் பரிந்துரையோடுதான் மாநில ஆணையத்துக்குச் செல்கின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. கருத்துச் சொல்லலாம், மீறல்களைக் கண்காணிக்கலாம்.

மூன்று என்பது சிறிய எண். பிலிப்பைன்ஸ் நாட்டின் 1998-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் ஊர்தோறும் அமைக்கச் சொன்ன ஆலோசனை மன்றத்தில் மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்குக் குறைந்தது பதினோரு இடம். அங்கேயும் மன்றம் ஆலோசனைதான் சொல்கிறது, ஆனால் பெரும்பான்மையாக உட்கார்ந்து சொல்கிறது.

எண்ணூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2018-இல் சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது கழிமுகத்தின் தென்கரை சென்னைக்கு வந்தது, வடகரை திருவள்ளூரிலேயே நின்றது. தண்ணீர் ஒன்று, குழு இரண்டு. ஒரு கரையில் விழும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கோ எண்ணெய்க்கோ இந்த மாவட்ட எல்லை தெரியாது.

உள்ளூர்க்காரர் சொல் ஏன் தேவை என்பதற்கு ஒரு வரைபடத்தின் கதையே போதும். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடம், கொசஸ்தலையில் ஓதம் 16 கிலோமீட்டர் ஏறுவதாகக் காட்டி, ஏறத்தாழ 6,500 ஏக்கரைப் பாதுகாப்புக்குள் வைத்தது. பிறகு அரசுத் துறைகள் முன்வைத்த வேறொரு வரைபடத்தில் அந்தப் பரப்பு விடுபட்டிருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணங்களைக் கேட்டு வாங்கியவர்களால்தான் இது 2017 வாக்கில் பொதுவெளிக்கு வந்தது. உப்பு எதுவரை ஏறும் என்பது அங்கே வலை போடுகிற எவருக்கும் தெரியும். அவர்களைக் கேட்டிருந்தால் ஒரு நாள் வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கழிமுகத்தில் பரவியது. முதல் நாட்களில் படகிலிருந்து குவளையாலும் பக்கெட்டாலும் அதை மொண்டவர்கள் மீனவர்களே. பின்னர் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. ‘காக்கா ஆழி’ என்று மீனவர்கள் பெயர் வைத்த தென் அமெரிக்க மட்டி விஷயமும் இப்படித்தான். ஆற்றடியில் கம்பளம் விரித்ததுபோல் அது படர, இறாலும் மஞ்சள் மட்டியும் இடம் இழந்தன. முதலில் முறையிட்டவர்கள் தொழில் செய்பவர்கள்; பசுமைத் தீர்ப்பாயமும் துறைகளும் பிறகுதான் வந்தன.

மூன்று இடத்தில் யார் உட்கார்வது என்பதும் முக்கியம். கடலில் போகும் படகுக்காரரை நினைப்பது இயல்பு. ஆனால் சடையங்குப்பம் வட்டாரத்தில் இருளர் பழங்குடிக் குடும்பங்களும் உண்டு. இருளர்கள் கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். அடிச்சேறு மாறுவதை அவர்கள் விரலே முதலில் உணரும். ‘மீனவர் உள்ளிட்ட’ என்ற சட்டச் சொல் அவர்களுக்கும் இடம் தருகிறது.

மாவட்டக் குழுவுக்குத் துணையாக 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் இன்னொரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லைக்குள் இருக்கும் உயிரினங்களையும் அவை பற்றிய உள்ளூர் அறிவையும் மக்கள் பதிவேடாகத் தொகுக்க வேண்டும். கழியின் மீன், நண்டு, மட்டி வகைகள் ஊர்ப்பெயரோடு அதில் ஏறிவிட்டால், “அங்கே ஒன்றும் இல்லை” என்று திட்ட அறிக்கை எழுதுவது கடினம்.

மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் உறுப்பினர் பட்டியலும் பொது ஆவணங்கள். பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் யாரும் அவற்றைக் கேட்டுப் பெறலாம். கடலோர ஊர்க்காரர்கள் தங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.