மைதானத்தில் ஓடும் எமது பெண் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள்?

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் நாட்களில் எமது பாடசாலைகளில் அடிக்கடி காணும் காட்சி இது. காலையில் ஒரு பிளேன்டீயை மாத்திரம் குடித்துவிட்டு வரும் மாணவி, இடைவேளையில் ஒரு ரோல்ஸைச் சாப்பிட்டு, பாடங்களை முடித்துவிட்டு, பிற்பகல் வெயிலில் 400 மீற்றர் ஓட்டப் பயிற்சியில் இறங்குகிறாள். தலை சுற்றி உட்கார்ந்தால், "தெம்பில்லாத பிள்ளை" என்று சொல்லிவிடுகிறோம். அவள் செய்யும் வேலைக்கு ஏற்ற சாப்பாடு கிடைத்ததா என்று கேட்பவர்கள் குறைவு.

பதின்ம வயதில் உடல் வளர்கிறது, எலும்பு பலம் பெறுகிறது, மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. இவற்றுக்கு மேலாகத்தான் விளையாட்டுக்கும் சக்தி தேவைப்படுகிறது. வருமானம் குறைந்த வீட்டில் அவசரமில்லாத செலவுகளை முதலில் நிறுத்துவது போல, சாப்பாடு போதாத உடலும் சில வேலைகளை நிறுத்தி வைக்கிறது. மாதவிடாய் தள்ளிப் போகிறது அல்லது நின்றுவிடுகிறது. அதனுடன் எலும்பைப் பாதுகாக்கும் ஹோர்மோனும் குறைகிறது. 2014ஆம் ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் குழு இந்நிலையை 'விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை' எனப் பெயரிட்டு, அது இதயம், நோயெதிர்ப்புச் சக்தி, மனநிலை ஆகியவற்றையும் பாதிக்கும் என விளக்கியது.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 2013இல், தனது 17ஆவது வயதில், மொஸ்கோ உலக மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் இறுதிச் சுற்று வரை சென்றவர். எடையைக் குறைக்குமாறு தொடர்ந்து வற்புறுத்தப்பட்டதாகவும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை என்றும், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் 2019இல் அவரே பகிரங்கமாகக் கூறினார். உலகத்தர வசதிகளுடன் பயிற்சி பெற்றவருக்கே இந்த நிலை என்றால், கேட்க ஆளில்லாத எமது பிள்ளைகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெட்கத்தால் மறைந்துபோகும் அறிகுறி

மாதவிடாய் நின்றால் பயிற்சிக்கு வசதி என்று நினைத்துப் பேசாமலிருக்கும் மாணவிகள் உண்டு. உம்மாவிடம் சொல்ல வெட்கம், ஆண் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லவே முடியாது. ஆனால் மூன்று மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலும், 15 வயதாகியும் பருவமடையாவிட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காலின் முன்னெலும்பில் ஒரே இடத்தில் நீடிக்கும் வலி, ஆறாத களைப்பு, அடிக்கடி வரும் தடிமன், காய்ச்சல் என்பவற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது.

இரும்பும் கல்சியமும்

14 முதல் 18 வயது வரையான பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. அதே வயது ஆண் பிள்ளைக்கு 11 மில்லிகிராம் போதும். மாதவிடாயில் இழக்கும் இரத்தமே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். ஈரல், மாட்டிறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். பருப்பு, கௌபி, கீரை உண்ணும்போது தேசிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்தால் பலன் கூடும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேருவது குறையும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிப்பது நல்லது. பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வீசிவிடாமல் உட்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த வயதில் கல்சியத்தின் தேவை நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பின் பெரும்பகுதி 20 வயதுக்குள் உருவாகிவிடுவதால் இப்போது தவறவிடுவதைப் பின்னர் ஈடுசெய்வது கடினம். பால்மா விலை கூடிய காலத்தில், முள்ளோடு உண்ணும் நெத்தலி, தயிர், குரக்கன், எள், முருங்கைக் கீரை ஆகியவை கைகொடுக்கும்.

பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் வாழைப்பழமோ பாணோ, முடிந்ததும் தாமதிக்காமல் சோறும் முட்டையும் அல்லது மீனும் போதும். விலை கூடிய புரதத் தூள் தேவையில்லை.

ரமழானில்

நோன்பு காலத்தில் போட்டிகள் வந்தால், கடும் பயிற்சியை இப்தாருக்குப் பின்னருக்கு மாற்றலாம். பகலில் நுட்பப் பயிற்சி மாத்திரம் போதும். ஸஹரைத் தவறவிடாமல், இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நாட்களில் நோன்பு இல்லாதபோதும், வாப்பாவும் நானாவும் காண்பார்கள் என்ற கூச்சத்தில் பகல் முழுவதும் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் எமது வீடுகளில் இருக்கிறார்கள். இரத்தம் இழக்கும் நாட்களிலேயே உணவும் தண்ணீரும் இல்லாமற் போகிறது. மார்க்கம் கொடுத்த சலுகையை வீட்டார் பறித்துவிடக் கூடாது. அந்நாட்களில் அவளுக்கென்று சாப்பாடு எடுத்து வைப்பது உம்மாவின் பொறுப்பு.

செய்யக்கூடியவை

பயிற்சிக் காலம் தொடங்குமுன் உம்மாமாரையும் மாணவிகளையும் அழைத்து, சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் உதவியுடன் ஒரு மணித்தியாலக் கூட்டம் நடத்தலாம். மாணவிகள் கூச்சமின்றிப் பேச ஓர் ஆசிரியையைப் பொறுப்பாக நியமிக்கலாம். "மெலிந்தால் இன்னும் வேகமாக ஓடலாம்" போன்ற பேச்சைப் பயிற்றுவிப்பாளர்கள் கைவிட வேண்டும்.

பதக்கத்துடன் வரும் மகளை ஊரே பாராட்டும். இன்று மாலை பயிற்சி முடிந்து களைத்து வருபவளிடம், "மகள், பகல் என்ன சாப்பிட்டீங்க?" என்று வீட்டார்தான் கேட்க வேண்டும்.