ஷார்ட் ஸ்ட்ரீட்டிலிருந்து கெண்ட் ரிட்ஜ் வரை

சிங்கப்பூரில் செலிகி சாலைக்கு அருகே ஷார்ட் ஸ்ட்ரீட் என்னும் சிறு வீதி ஒன்று உண்டு. தமிழ்க் கிறிஸ்தவர்களின் சரித்திரத்தில் அது பெற்றிருக்கும் ஸ்தானம் பெரிது. தம் பெண்மக்களுக்கும் கல்வி வேண்டும் என்று விரும்பிய தமிழ் வணிகர்களின் ஆதரவோடு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோஃபியா பிளாக்மோர் அம்மையார் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி அங்கே ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளைக் கொண்டு தொடங்கிய பள்ளியே, இன்று புக்கிட் தீமாவில் புகழுடன் விளங்கும் மெதடிஸ்டு பெண்கள் பள்ளி. அதே 1887-இல் தோன்றிய தமிழ் மெதடிஸ்டு திருச்சபை இன்றும் அவ்வீதியில்தான் ஞாயிறுதோறும் கூடுகிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-இல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயமும், தமிழ் ஆங்கிலிக்கர் வழிபடும் டோர்செட் சாலை கிறைஸ்ட் சர்ச்சும் இந்தியர் வட்டாரமான தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

இந்தச் சபைகளில் ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாள் பள்ளியில் வசனங்களை மனப்பாடம் செய்து, தாயின் ஜெபத்தைக் கேட்டபடியே உறங்கிப் பழகிய பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது, அவர்களுடைய விசுவாசம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வந்த பிதுரார்ஜிதமாகவே இருக்கிறது. ஆண்பிள்ளைகள் ஈராண்டு தேசிய சேவையை முடித்து, உலகத்தைச் சற்றே பார்த்துவிட்டு வருகிறார்கள். பெண்பிள்ளைகளோ பதினெட்டு பத்தொன்பது வயதிலேயே வந்துவிடுகிறார்கள். இருசாராருக்கும் அங்கே ஒரே சோதனைதான் காத்திருக்கிறது: நீ எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய் என்று முதன்முறையாக ஒருவன் கேட்கும்போது, அப்பாவின் பெயரையோ ஆயரின் பெயரையோ சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிவதில்லை. அந்தக் கேள்வியை வீட்டில் எழுப்பினால் பெற்றோர் மனம் புண்படும் என்றும், சபையில் எழுப்பினால் குடும்பத்துக்கு அவப்பெயர் வரும் என்றும் அஞ்சி மௌனமாகிப் போன இளைஞர் எத்தனையோ பேர்.

அந்த மௌனத்தைக் கலைப்பதற்குக் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தைப்போல் உபகாரமான சாதனம் வேறில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள், 1952-இல், அதன் சிங்கப்பூர் மாணவர்கள் தங்களுக்குள் வார்சிட்டி கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் என்ற ஐக்கியத்தை அமைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகம் பெயரும் இடமும் மாறி, இன்று கெண்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. ஐக்கியமும் அதனோடு கூடவே சென்று வளர்ந்திருக்கிறது. இத்தகைய சிங்கப்பூர் மாணவர் ஊழியத்தில் உருவான சுவா வீ ஹியான் 1972-இல் அகில உலக சுவிசேஷ மாணவர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். பெரிய கூட்டங்களைக் காட்டிலும், விரிவுரை முடிந்த மாலையில் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓர் அதிகாரத்தை வாசித்து, ‘எனக்கு இது விளங்கவில்லை’ என்று ஒருவன் கூச்சமின்றிச் சொல்ல, மற்றவர்கள் அவனை இகழாமல் அவனோடு கூடவே தேடுகிறார்களே, அங்கேதான் பிதுரார்ஜிதமாய் வந்த விசுவாசம் சுயார்ஜிதமாகிறது.

இத்தகைய மாணவர் நட்பு நமக்குப் புதிய அனுபவமுமல்ல. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றார். இறுதித் தேர்வு சமயத்தில் நோயுற்று, பட்டம் பெறாமலே வெளியேறினார். ஆனால் இளைஞர் நட்பு என்னும் செல்வத்தை அவர் இழக்கவில்லை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியாவின் மாணவர்களிடையே சுற்றித் திரிந்த காலத்தில், அமெரிக்க மாணவர் இயக்கத்திலிருந்து வந்த ஷெர்வுட் எடி அவருக்கு ஆப்த நண்பரானார். அசரியா பயின்ற அதே கல்லூரியில் பயின்ற கே. டி. பாலும் பின்னர் தோழரானார். 1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ் மாணவர்கள் தாமே பொருள் சேர்த்து, கடலுக்கு அப்பால் தமிழகத்திலுள்ள தொண்டிப் பகுதியில் ஊழியம் நடத்தி வருவதைக் கண்டார். மாணவர்களே இவ்வளவு செய்வார்களாயின், பல்லாயிரம் விசுவாசிகளையுடைய திருநெல்வேலி சும்மா இருப்பது தகுமா என்ற எண்ணம் அவரை வாட்டிற்று. அந்த எண்ணத்தின் பயனாக 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், மேனாட்டு ஊழியர்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தானதர்மங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நட்பையும் தரவேண்டும் என்று அவர் துணிந்து கேட்டார் என்றால், அந்த நட்பின் அருமையை இளமையிலேயே அனுபவித்தவர் என்பதனாலேயே அப்படிக் கேட்க முடிந்தது. 1912-இல் அவர் தோர்ணக்கல் பேராயரானது யாவரும் அறிந்ததே.

யாழ்ப்பாணத்து மாணவர்களிடம் நான் போற்றுவது ஒன்று: தங்கள் ஐக்கியத்தின் இன்பத்தில் தாங்களே மூழ்கிவிடாமல், அதைக் கடலுக்கு அப்பால் ஒருவருக்குக் கொண்டுபோனார்கள். நம் சிங்கப்பூர்த் தமிழ் மாணவரிடமும் அதையே எதிர்பார்க்கிறேன். இவர்களுள் பலர் வளாகத்தின் ஆங்கில ஐக்கியத்தில் உயிர்பெற்று, பட்டம் பெற்றபின் பெரிய ஆங்கிலச் சபைகளில் கலந்து விடுகிறார்கள். அதைக் குற்றம் என்று நான் கூறவில்லை. எனினும் தமிழ்ச் சபை அவர்களை இழக்கிறது. அவர்களும் ஒன்றை இழக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையிலும் ரேஸ்கோர்ஸ் சாலையிலும் ஆயிரக்கணக்கில் கூடும் தமிழகத்துத் தொழிலாளிகளோடு அவர்கள் மொழியிலேயே இரண்டு வார்த்தை பேசக்கூடிய படித்த இளைஞர் வேறு எவர்? 2006-இல் கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஹெல்த்சர்வ் போன்ற ஸ்தாபனங்கள் தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வைத்தியம் செய்துவருகின்றன. அத்தகைய இடங்களில், காயம்பட்டுக் கிடக்கும் ஒரு புதுக்கோட்டைக்காரருக்கு வைத்தியர் சொல்வதைத் தமிழில் விளக்கி, ஊரிலிருக்கும் அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த ஒரு மாணவன் கிடைப்பது பெரிய பாக்கியம்.

ஆகவே தமிழ்ச் சபைகளின் மூப்பர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளைகள் வளாகத்தில் கற்றுவந்த கேள்விகளைக் கண்டு அஞ்சாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது, ஆராதனை முடிந்தபின் அவர்களை உட்காரவைத்து, பிரசங்கம் செய்யாமல், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். அவர்களுடைய நண்பர்கள் சீனராயினும் மலையாளியாயினும் உங்கள் பந்தியில் இடம் கொடுங்கள். தொழிலாளரிடையே செய்யத்தக்க ஏதேனும் ஒரு பொறுப்பை முழுமையாக அவர்கள் கையிலேயே ஒப்படையுங்கள்.