கொட்டாய் வாசல் – 14: இன்னொரு குட்டி வேண்டுமா?

தர்மபுரி மாவட்டத்தில் “எந்த ஊர்?” என்று கேட்டால் பாதிப் பேர் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். யாரோ ஒரு பெரியவர் பெயரைச் சொல்லி, கடைசியில் ‘கொட்டாய்’ என்று முடிப்பார்கள். நிலத்திலேயே வீடு. இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு தக்காளித் தோட்டம், ஒரு மாந்தோப்பு, கொஞ்சம் ராகிக் கொல்லை. கூப்பிட்டால் காதில் விழும், ஓடிவர நேரமாகும். அங்கே நாய் ஆசைக்கு வளர்க்கும் பிராணி அல்ல. கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ அப்படி.

போன வாரம் உண்ணியைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் உண்ணியைப் பற்றியே இல்லை. “வீட்டுல ஒன்னு இருக்குது, இன்னொன்னு கொண்டாந்துடலாமா?” என்றுதான் கேட்டார்கள். அதில் பாலக்கோடு பக்கம் காட்டோரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தை எனக்கு முன்பே தெரியும். நேரிலேயே போய்ப் பேசிவிடலாம் என்று கிளம்பினேன்.

நாலு ஏக்கர், இரண்டு கறவை மாடு, கொஞ்சம் வெள்ளாடு. நாய் ஒன்று. செவலை நிறத்தில் நாட்டு நாய், பொட்டை, ஐந்து வயது, பெயர் மணி. “ராத்திரியெல்லாம் ஒத்தையா குரைச்சிக் குரைச்சித் தொண்ட கட்டிப் போவுதுண்ணா. கூட ஒன்னு இருந்தா அதுக்கும் தைரியம், எங்களுக்கும் தைரியம்” என்றார் வீட்டம்மா. அவருடைய கணவருக்குக் கோம்பை நாய் மேல் கண். பள்ளிக்கூடம் போகும் பையன் போனில் லேப்ரடார் படம் காட்டினான். திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த மாமியார் மட்டும், “மாட்டுக்குத் தண்ணி காட்டவே ஆளில்ல. ஒங்களுக்கு இன்னொரு நாயி கேக்குதா?” என்றார்.

நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மணி எப்படிப்பட்ட நாய் என்று யாரும் யோசிக்கவில்லை. முடிவு அதை வைத்துத்தான் என்பது என் கட்சி.

முதலில் அந்தத் ‘தைரியம்’. இரண்டு நாய் இருந்தால் காவல் இரண்டு மடங்காகும் என்பது பரவலான கணக்கு. சத்தம் கூடும், அது உண்மைதான். ஆனால் ஒற்றை நாய் வாசலை விட்டு நகர யோசிக்கும். துணை கிடைத்துவிட்டால் அந்த யோசனை போய்விடும். ஒன்று எழுந்தால் மற்றது பின்னால் ஓடும், வாசல் காலியாகக் கிடக்கும். பக்கத்துக் கொட்டாய் ஆட்டை விரட்டிக் கடித்துப் போடுவது பெரும்பாலும் தனி நாயின் வேலை அல்ல, சேர்ந்து திரிபவற்றின் வேலை. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே பழி தெருநாய் மேல் விழுந்தது. கொட்டாயில் இரவு அவிழ்த்துவிட்ட வீட்டு நாய்க்கும் தெருநாய்க்கும் ஆடு வித்தியாசம் பார்ப்பதில்லை. காட்டோரத்தில் இன்னொரு வம்பும் உண்டு. ஜோடி நாய் முயலைத் துரத்திப் பழகினால், கூடவே வீட்டு இளவட்டமும் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பும். 1972-ஆம் ஆண்டு வனவுயிரினச் சட்டத்தில் துரத்துவதும் வேட்டைதான். அபராதம் கட்டும்போது நாய் மேல் பழி போட முடியாது.

யானை வரும் வழியில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலக்கோடு, பென்னாகரம் காட்டோரக் கொல்லைகளில் ராகி முற்றும் மாதங்களில் என்ன நடக்கும் என்று அவர்களுக்கே தெரியும். நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை திரும்பினால் எஜமானைத் தேடி ஓடிவரும். யானையும் பின்னாலேயே வரும். ஒரு நாய் செய்யும் இந்த உபகாரத்தை இரண்டு நாய் இன்னும் சுறுசுறுப்பாகச் செய்யும்.

சிறுத்தை வேறு கதை. மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற விவசாயப் பகுதியில் வித்யா ஆத்ரேயாவும் கூட்டாளிகளும் சிறுத்தையின் கழிவை எடுத்து, அது எதைத் தின்கிறது என்று ஆராய்ந்தார்கள். ஆடுதான் முதலிடம் என்று நினைப்போம். தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய்! அதனால் சிறுத்தை நடமாடும் இடத்தில் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் காவல்காரன் அல்ல. இமயமலையில் ஆடு மேய்ப்பவர்கள் நாயின் கழுத்தில் ஆணி வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது இதற்காகத்தான். நம் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. இரவில் அடைக்க நல்ல கதவு வைத்த ஒரு கூண்டு இல்லாதவர்கள் இரண்டாவது நாயைப் பற்றி யோசிப்பதற்கு முன், இருக்கும் நாய்க்கு அதைக் கட்டிவிடலாம்.

ஒற்றை நாயால் என்ன ஆகும் என்று கேட்பவர்களை அரூருக்குக் கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கம் அனுப்பலாம். எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளுக்காகச் சண்டையிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் கல்லில் இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, விழுந்து கிடந்தவனுக்குப் பக்கத்தில் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. ஒரு நாய், இரண்டு கள்ளர். கர்நாடகத்து மண்டியா பக்கம் ஆதகூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல் ஒன்று உண்டு. தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன், பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற நாயை. அந்தக் காளி காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. இதிலும் ஒற்றை நாய்தான். ஜோடி நாய்க்கு எடுத்த நடுகல் எதையும் நான் பார்த்ததில்லை. இருந்தால் வாசகர்கள் எழுதுங்கள்.

சரி, காவலுக்கு வேண்டாம், மணிக்குத் துணைக்கு? “தனியா ஊளை விடுது, பாவம்” என்கிறார்களே. நான் மதியம் போனபோது மணி புளியமரத்தடியில் கட்டிக் கிடந்தது. இரண்டு கஜம் சங்கிலி. அது நடந்து நடந்து தரையில் அரைவட்டமாக மண் தேய்ந்து, வேர் வெளியே தெரிந்தது. காலையில் கட்டினால் பொழுது சாய்ந்துதான் அவிழ்ப்பார்கள். பகலெல்லாம் தூங்கிய நாய் ராத்திரி குரைக்காமல் என்ன செய்யும்? மாடு ஓட்டிப் போகும்போது அதையும் கூட்டிப் போனாலே ஊளை பாதி குறையும். அப்படிச் செய்யாமல் இன்னொன்றைக் கொண்டுவந்தால், அதற்கும் ஒரு மரம், அதற்கும் ஒரு சங்கிலி. இப்படி இரண்டு அரைவட்டம் தேய்ந்த கொட்டாய்களையும் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். மாமியார் கல்லின் மேல் ஒரு களி உருண்டையை வைத்து, மேலே கொஞ்சம் கீரைச் சாறு ஊற்றினார். மணி நக்கிச் சாப்பிடவில்லை. சூடு ஆறும் வரை முகர்ந்துகொண்டே நின்றது. பிறகு ஒரே கவ்வு, தலையை இரண்டு உதறு, விழுங்கல். கோழி ஒன்று கிட்டே வந்தபோது உதடு மட்டும் லேசாக மேலேறிப் பல் தெரிந்தது. கோழிக்கு அது போதும், விலகிவிட்டது. இன்னொரு நாய்க்கு அது போதாது. அதனால் அந்த உதட்டைத்தான் வீட்டம்மாவுக்குக் காட்டினேன்.

ஒரே வீட்டு நாய்களின் சண்டையைப் பற்றி அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 38 ஜோடிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஜோடி ஒரே பாலினம். பொட்டை நாய் இருந்த ஜோடிகளே அதிகம். சண்டையை ஆரம்பித்தது பெரும்பாலும் பின்னால் வந்த நாய், இளைய நாய். காரணம் என்ன? எஜமான் ஒன்றைத் தடவிக் கொடுத்தது, சாப்பாடு, ஆள் வரும்போது எழும் பரபரப்பு, கீழே கிடந்து கண்டெடுத்த எலும்பு. இவை எல்லாம் ஒரு கொட்டாயில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பொட்டை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு வளர்ந்த பொட்டையைக் கொண்டுவருவது வலியப் போய் வம்பை வாங்குவது. ஆண் குட்டி என்றால் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்.

ஆண் என்றதும் கணவர் முகம் மலர்ந்தது. மலரட்டும். ஆனால் மணிக்குக் கருத்தடை ஆகவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பருவம் வரும். குட்டி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எட்டு மாதத்தில் வேலையைக் காட்டிவிடும். 63 நாளில் ஐந்தாறு குட்டி. நாய்க்கு அண்ணன் தங்கை, தாய் மகன் என்ற முறை கிடையாது. ஈன்ற குட்டிகளில் ஆண் எல்லாம் போய்விடும், கேட்டு வாங்கிப் போவார்கள். பொட்டைக் குட்டிகள் கோணிப்பையில் ஏறிச் சந்தை மேட்டில் இறங்கும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் நீட்டித்த மாவட்டங்களில் நம் மாவட்டமும் ஒன்று. அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. இறக்கிவிட்ட குட்டி எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: மேற்கு வங்கத்தில் தெருவில் பிறந்த 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் மாதம் வரை உயிரோடு இருந்தவை 19 சதவீதம்.

அப்படியென்றால் இரண்டாவது நாயே வேண்டாமா? ஒரு காரணத்துக்கு மட்டும் நான் தலையாட்டுவேன். முதல் நாய்க்கு வயதாகிறது, ஆனால் இன்னும் தெம்பு இருக்கிறது என்ற பருவம். ஆறேழு வயது. கொட்டாய்க்காரர்கள் வழிவழியாகச் செய்வது இதைத்தான். எந்த வண்டிச் சத்தம் நம்முடையது, எந்த ஆள் பால் ஊற்றுகிறவர், கோழியைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் கிழ நாயைப் பார்த்தே குட்டிக்கு வந்துவிடும். வெறும் நம்பிக்கை அல்ல. தென்னாப்பிரிக்காவில் போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் தாய் நாயின் வேலையை ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை பக்கத்தில் இருந்து பார்த்த குட்டிகள், பிறகு பார்க்காத குட்டிகளைவிட நன்றாக அந்த வேலையைச் செய்தன என்று 1997-இல் நிரூபித்தார்கள். கெட்ட பழக்கமும் இதே வழியில்தான் இறங்கும் என்பதை மறக்கக் கூடாது. பைக்கைத் துரத்தும் நாய் இருக்கும் வீட்டில் குட்டியை விட்டால் ஆறே மாதத்தில் இரண்டு நாய் பைக்கைத் துரத்தும். முதல் நாயைத் திருத்த முடியவில்லை என்றால் குட்டி எடுக்காதீர்கள்.

ஜாதி நாய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்ரடாருக்கு இந்த வெயிலும் உண்ணியும் ஆகாது. பையனிடம் அதை நானே சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டான். கோம்பை நல்ல நாய்தான், ஆனால் அதட்டி வளர்க்க ஆள் வேண்டும். கணவர் விடியற்காலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனால் திரும்புவது மதியம். அதட்டப் போவது யார்? மாமியார் எதுவும் சொல்லவில்லை, புளியைக் கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

குட்டி வருமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த வாசலில் இதற்கு முன் ரத்தபேதி கண்டு ஏதாவது குட்டி செத்திருக்கிறதா? பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டியை அந்த மண்ணில் இறக்கினால் அதுவும் போய்விடும். ஆறேழு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம். ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் வெறிநோய் ஊசி இலவசமாகப் போடுவார்கள், மற்ற ஊசிக்குக் கைக்காசுதான். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் இனி இரட்டை. களி மட்டும் போட்டால் போதாது, முட்டையோ கோழித் தலை காலோ சேர்க்க வேண்டும், அதுவும் இரட்டை.

அறிமுகத்தை வீட்டு வாசலில் வைக்காதீர்கள். வாசல் மணியின் ராஜ்ஜியம். ஏரிக்கரை மாதிரிப் பொதுவான இடத்தில், ஊசி முடிந்த குட்டியைப் பையனும் மணியை வீட்டம்மாவும் பிடித்துக்கொண்டு, பத்தடி இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்க வேண்டும். கயிறு தொய்வாக இருக்கட்டும். மோந்து பார்த்தால் பார்க்கட்டும், விறைத்து நின்றால் பேச்சுக் கொடுத்து நகர்த்திவிடுங்கள். சாப்பாடு தனித்தனித் தட்டில், ஒன்றையொன்று பார்க்காத இடத்தில். முதல் மாதம் யாரும் பார்க்காதபோது இரண்டையும் ஒன்றாக விட வேண்டாம்.

சாயங்காலம் காப்பி வந்தபோது ஒரு மாதிரி முடிவும் வந்தது. முதலில் மணிக்கு ஆபரேஷன். சங்கிலியை எடுத்துவிட்டு மாட்டோடு அனுப்புவது. அடுத்த வருஷம் மாங்காய்க் காய்ப்பு முடிந்து கையில் காசு புரளும்போது, தெரிந்த கொட்டாயில் ஒரு ஆண் குட்டி. கூண்டுக்குக் கதவு கணவர் பொறுப்பு. பையன் மட்டும், “பேரு நான்தான் வெப்பேன்” என்று அதற்குள் உரிமை கேட்டான்.

“ஆபரேஷனுக்கு எப்படிக் கொண்டும் போறதுண்ணா? ஆட்டோக்காரன் நாயின்னா ஏத்த மாட்டேங்கிறான்” என்றார் வீட்டம்மா.

உரச்சாக்கில் கழுத்து வரை விட்டு, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்பக்கம் நிற்க வைத்தால் மணி மாதிரி நாய் அசையாமல் வரும். முதல் நாள் ராத்திரியே சோறு தண்ணீர் எப்போது நிறுத்த வேண்டும் என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லா மருந்தகத்திலும் தினமும் இந்த ஆபரேஷன் செய்ய மாட்டார்கள், கிழமையையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

“புதங்கெழம வேணாம்” என்றார் மாமியார், “அன்னிக்கு நமக்குச் சந்த.”

(அடுத்த வாரம்: தையல் பிரிக்கும் வரை பத்து நாள்)