நீல மத்தாப்பு ஏன் இவ்வளவு அரிது?

தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கவனித்திருப்பார்கள். சிவப்பு பளீரென்று வரும். தங்கமும் வெள்ளியும் குறையில்லாமல் கொட்டும். அட்டைப்பெட்டியில் நீலம் என்று போட்டிருப்பது மட்டும் மேலே போனதும் வெளிறிய ஊதாவாகவோ, சாயம் போன வெள்ளையாகவோ மாறிவிடும். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. பெட்டியின் மேல் நீலத்தை அச்சடிக்க அச்சகத்துக்கு ஒரு டப்பா மை போதும். தீயில் நீலத்தை வரவழைப்பதுதான் வாணவேடிக்கைத் தொழிலிலேயே ஆகக் கடினமான வேலை. டீயை ஆற்றிக் குடிக்கும் நேரத்தில் அதன் காரணத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தீயிலிருந்து வெளிச்சம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சூடேறிய பொருள் தகதகப்பது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். கம்பி மத்தாப்பில் தெறிக்கும் பொறிகளும், புஸ்வாணத்தில் எழும் தங்க மரமும் இந்த வகைதான். இரும்புத் தூளோ கரித்துகளோ எரிந்துகொண்டே பறக்கிறது. அதன் சூடு எவ்வளவோ அதற்கேற்ற நிறம். அலுமினியமும் மெக்னீசியமும் எரியும்போது சூடு மிக அதிகம், அதனால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. இந்த வழியில் சிவப்பிலிருந்து வெள்ளை வரை போகலாம். பச்சையோ நீலமோ வராது.

இரண்டாவது வழி வேறு. பால் பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீர் வழிந்தாலும் அதேதான். அதில் இருக்கும் சோடியம் அணுக்கள் சுடரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, அதை ஒரே ஒரு குறிப்பிட்ட நிறத்தில் திருப்பிக் கொடுக்கின்றன. அலைநீளத்தில் சொன்னால் சுமார் 589 நானோமீட்டர், நல்ல மஞ்சள். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்தமான நிறம் உண்டு. பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குச் சுடர் சோதனை நினைவிருக்கும்: கால்சியம் செங்கல் சிவப்பு, ஸ்ட்ரான்சியம் ரத்தச் சிவப்பு, பேரியம் இளம்பச்சை, தாமிரம் நீலம் கலந்த பச்சை. 1859-60இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் விஞ்ஞானிகள் புன்செனும் கிர்க்காஃபும் இந்த நிறங்களை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்து, தனிமங்களை அடையாளம் காணும் முறையாகவே ஆக்கிவிட்டார்கள். சீசியம் என்ற புதிய தனிமம் அகப்பட்டதே அதன் நீலக் கோடுகளை வைத்துத்தான்.

வாணவேடிக்கையில் தங்கமும் வெள்ளையும் போக, மற்ற நிறங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வழியில் வருபவை. அவை வந்து அதிக காலமும் ஆகவில்லை. 1749இல் லண்டன் கிரீன் பார்க்கில் நடந்த பெரிய வாணவேடிக்கைக்காக இசையமைப்பாளர் ஹாண்டல் தனியாக இசையே அமைத்தார். அன்றைக்கு வானத்தில் தெரிந்தது பெரும்பாலும் தங்கமும் வெள்ளையும்தான். ஜப்பானியர்கள் பழைய காலத்துக் கரிப்பொறி வாணத்துக்கு 'வபி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மெய்ஜி பேரரசர் காலத்தில் மேற்கிலிருந்து புதிய ரசாயனங்கள் வந்த பிறகுதான் அங்கே வண்ணம் வந்தது.

அந்தப் புதிய ரசாயனங்களில் தலையானது பொட்டாசியம் குளோரேட். பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தோலே 1780களில் கண்டெடுத்தது. பழைய வெடிமருந்தின் தீ, நிற உப்புகளை நன்றாக ஒளிரவைக்கப் போதாது. குளோரேட்டின் தீ அதைச் செய்தது; நிறத்துக்குத் தேவையான குளோரினையும் கூடவே கொடுத்தது. அதற்கு விலை இருந்தது. 1788 அக்டோபரில் பாரிசுக்குத் தெற்கே எஸ்ஸோன் ஆலையில் இதை வைத்துப் புதிய வெடிமருந்து செய்து பார்த்தார்கள். கலவை வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அருகில் இருந்த லவாய்சியேயும் பெர்த்தோலேயும் தப்பினார்கள். அன்றைய உலகின் தலைசிறந்த வேதியியலாளர்கள் பக்கத்தில் நின்று மேற்பார்த்த சோதனை அது. மருந்து யாருடைய படிப்பையும் பார்ப்பதில்லை.

இனி நீலத்துக்கு வருவோம். நீலம் தருவது தாமிரம். ஆனால் தாமிரம் மட்டும் இருந்தால் போதாது. சுடர் சோதனையில் அது நீலம் கலந்த பச்சை காட்டியதைக் கவனியுங்கள். தீயில் தாமிரம் யாரோடு கூடியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நிறம். ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் கூடினால் பச்சையும் சிவப்பும் தலைதூக்கும். ஒரு குளோரின் அணுவோடு மட்டும் சேர்ந்து தாமிர மோனோகுளோரைடு என்ற சின்ன மூலக்கூறாகச் சுடரில் மிதந்தால்தான் நீலம். அந்த மூலக்கூறு சூடு தாங்காது. தீ கொஞ்சம் அதிகமாக அனல் கொண்டாலும் தாமிரமும் குளோரினும் பிரிந்துவிடும், நீலம் போய்விடும்.

சிக்கல் இங்கேதான். இரவு வானத்தில் உயரே எரியும் ஒரு சிறு உருண்டை ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமானால் அது பிரகாசமாக எரிய வேண்டும். பிரகாசம் வேண்டுமென்றால் அனல் வேண்டும். அனலைக் கூட்டினால் நீலம் சிதைகிறது. குறைத்தால் நீலம் நிற்கிறது, ஆனால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. சிவப்புக்கும் இதே பிரச்சினை ஓரளவு உண்டு; ஆனால் ஸ்ட்ரான்சியம் தரும் சிவப்பு இன்னும் கூடுதலான சூட்டைத் தாங்கும். அதனால் சிவப்பு செய்பவர் தீயை ஏற்றிக்கொண்டே போகலாம். நீலம் செய்பவர் உப்புப் பார்த்துப் பார்த்துக் குழம்பு வைப்பவரைப் போல ஒரு குறுகிய இடைவெளிக்குள் நின்றாக வேண்டும்.

மெக்னீசியத்தைப் போட்டு வெளிச்சம் ஏற்றலாமே என்று தோன்றும். அதன் தீ 3,000 டிகிரி செல்சியசை நெருங்கும். அந்தச் சூட்டில் நீல மூலக்கூறு பிழைக்காது. போதாதற்கு எரிந்து வரும் வெள்ளைத் துகள்களின் ஒளி மிச்சமிருக்கும் நீலத்தையும் கழுவிவிடும். பெட்டியில் நீலம் என்று போட்டது வானத்தில் வெள்ளையாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு எதிரி, நாம் முதலில் பார்த்த அதே சோடியம். அதன் மஞ்சள் மிக வலுவானது; மூலப்பொருளில் கொஞ்சம் கலந்திருந்தாலும் போதும், நீலத்தை அமுக்கிவிடும். பால் பொங்கியதும் அடுப்பு மொத்தமும் மஞ்சளாகிவிடுகிறதே, பாலில் அப்படி எவ்வளவு உப்பு இருந்துவிடப் போகிறது? அடுப்பில் நீலம் சும்மாவே வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அதில் தாமிரம் இல்லை. எரிவாயு உடையும்போது உண்டாகும் கார்பன், ஹைட்ரஜன் துணுக்குகளின் ஒளி அது. சமையலறைக்குப் போதும், வானத்துக்குப் போதாத மங்கல்.

இவ்வளவையும் தாண்டி நீலம் வந்தாலும் பார்ப்பது நம் கண். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அருகில் இருக்கும் மஞ்சள் கலந்த பச்சையை. தாமிர நீலம் விழும் 450 நானோமீட்டர் பக்கத்தில் அந்த உணர்திறன் நூற்றில் நான்கு பங்குதான். அதாவது அதே அளவு ஆற்றல் கொண்ட ஒளி பச்சையாக வந்தால் கண்ணைக் குத்தும், நீலமாக வந்தால் மங்கலாக நிற்கும். பின்னால் இருப்பதும் கறுப்பு வானம், இடையில் புகை வேறு. இத்தனை தடைகளுக்குப் பிறகும் ஒரு வாணம் ஆழ்ந்த நீலத்தில் விரிந்தால், அதைச் செய்தவர் தன் வேலையில் கரைகண்டவர் என்றே நான் சொல்வேன்.

ஊதாவும் அந்தக் கைத்திறனுக்கு ஒரு சோதனைதான். ஊதா என்பது ஸ்ட்ரான்சியம் சிவப்பும் தாமிர நீலமும் சேர்ந்தது. இரண்டில் நீலம் பலவீனமானது என்பதால் கொஞ்சம் தவறினாலும் ரோஜா நிறமாகச் சாய்ந்துவிடும். ரோஜாவாகாத, வெளிறாத ஊதாவைப் பார்த்தால் அந்தக் கம்பெனியில் நீலமும் நன்றாக இருக்கும் என்று நம்பி வாங்கலாம்.

முற்காலத்தில் நல்ல நீலத்துக்காகப் பாரிஸ் பச்சை என்ற தாமிரச் சேர்மத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் ஆர்செனிக் இருந்தது. எலிகளைக் கொல்லவும் பயிர்ப்பூச்சிகளை ஒழிக்கவும் பயன்பட்ட நஞ்சு. அதைக் கையாண்ட தொழிலாளியின் நுரையீரலை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நிறத்துக்காக எதைச் சகிக்கலாம் என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. 2018 அக்டோபர் 23 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பச்சை நிறத்துக்கு அடிப்படையே பேரியம். கம்பி மத்தாப்பிலும் பேரியம் நைட்ரேட்தான் நெடுங்காலமாக இருந்தது. அதனால் பட்டாசுத் தொழிலின் ஊரான சிவகாசி பல ரகங்களைத் திரும்ப வடிவமைக்க வேண்டியதாயிற்று. மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வகமான சிஎஸ்ஐஆர்-நீரி, புகையும் தூசும் குறைந்த புதிய கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது. மூச்சுக்கு நல்லது என்பதால் அந்த முயற்சியை வரவேற்கிறேன். அதன் சுமை பெரிய ஆலைகளைவிடச் சிறிய ஆலைகளுக்குத்தான் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்ததே வறட்சியால்தான். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயத்தை நம்ப முடியாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பட்டாசும் அச்சும் பின்தொடர்ந்தன. ஈரம் குடித்த மருந்து ஒழுங்காக எரியாது என்பதால் அந்த வெயிலே தொழிலுக்கு மூலதனமாயிற்று. அதே வெயிலில், அதே மருந்தின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் எத்தனையோ விபத்துகளில் போயிருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபேன்சி ரகங்களின் நிறங்களை ரசிக்கிற நமக்கு அந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நிறத்தின் மேல் ஆசைப்பட்டு வீட்டில் எதையும் கலந்து பார்க்காதீர்கள், வாங்கிய வெடியைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்க்கவும் வேண்டாம். அனுமதி பெற்ற ஆலையில், தனித்தனி அறைகளில், பழகிய கைகளே தவறுகிற வேலை அது. வீட்டுப் பிள்ளைக்கு இதில் ஆர்வம் இருந்தால் பள்ளி வேதியியல் ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். பிளாட்டினக் கம்பியின் நுனியில் ஒரு துளி உப்பைத் தொட்டு, ஆய்வக அடுப்பில் காட்டி, ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பையும் தாமிரத்தின் பச்சை நீலத்தையும் அவர் காட்டட்டும். வானத்தில் நிறம் பிறப்பதும் அதே வழியில்தான்.